நிலக்கீழ் எரிபொருள் தாங்கிகளை அகற்றியபின் மண்மாசினை மதிப்பிடுதல்: சப்ரகமுவத் தோட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

நிலத்தினுட் புதைக்கப்பட்ட எரிபொருள் தாங்கியொன்று தோண்டியெடுக்கப்பட்டு, அதன் குழி மண்ணால் நிரப்பப்பட்டதும் பிரச்சினை முடிந்துவிட்டதென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், தாங்கி நிலத்துள் இருந்த காலத்திற் கசிந்த எண்ணெய் தாங்கியோடு வெளியேறிவிடுவதில்லை. அது மண்துணிக்கைகளிடையே ஒட்டிக்கொண்டும், நிலத்தடிநீரின்மேல் மிதந்துகொண்டும், சிறிதளவாக அந்நீரிற் கரைந்துகொண்டும் பல்லாண்டுகள் நிலைத்திருத்தல் கூடும். எனவே தாங்கி அகற்றப்படும் நாளிலேயே மாசு பற்றிய ஆய்வும் தொடங்கப்படல் வேண்டும்.

இவ்வாய்வுக்குரிய நடைமுறைகள் பெரும்பாலும் சமநிலங்களிலுள்ள நகரங்களையும் எரிபொருள் நிரப்பு நிலையங்களையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களோ செங்குத்தான சரிவுகளில் அமைந்தவை. அங்கே தொழிற்சாலைக்குக் கீழே லயன் வீடுகளும், அவற்றுக்கு நீர்தரும் ஊற்றுக்களும் பீலிகளும் உள்ளன. இத்தகைய நிலத்தில் குழியின் அடிமண்ணை மாத்திரம் சோதித்து முடிவுகூறுதல் போதாது. நீர் செல்லும் வழியே கீழிறங்கிப் பீலிவரை சென்று சோதித்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோட்டங்களும் எரிபொருளும்

பெருந்தோட்டம் ஒன்று எரிபொருளின்றி இயங்கமுடியாது. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். உருளைகளைச் சுழற்ற விசை வேண்டும். கொழுந்தையும் இறப்பர்ப் பாலையும் ஏற்றிவர லொறியும் உழவு இயந்திரமும் வேண்டும். தேசிய மின்வழங்கல் தோட்டங்களை எட்டுமுன்னர் டீசல் எஞ்சின்கள் பல தொழிற்சாலைகளை இயக்கின. உலர்த்தும் அடுப்புக்களில் எண்ணெய் எரித்த தொழிற்சாலைகளும் இருந்தன. 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, அவற்றுட் பல மீண்டும் விறகை நாடின. இவ்வாறு பயன்பாடு நின்றுபோன தாங்கிகளுட் சில நிலத்தின் மேலும், சில நிலத்தின் கீழும் இருந்தன. மேலிருந்தவை பழைய இரும்பாக விலைபோயின. கீழிருந்தவை கண்ணிற் படாமையால் மறக்கப்படுதற்கு இடமுண்டாயிற்று.

இம்மறதிக்கு உடைமை மாற்றங்களும் துணைபுரிந்தன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. பின்னர் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிருவகித்தன. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் நிலப்பரப்பும் தேயிலைச் செடியும் கட்டடமும் எண்ணப்பட்டன. மண்ணுக்குள் இருந்த குழாயும் தாங்கியும் எல்லா ஏடுகளிலும் இடம்பெற்றிருக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே ஆய்வாளர் முதலில் நாடவேண்டியது தோட்டத்தின் பழைய வரைபடத்தையும், அங்கு நெடுங்காலம் வேலைசெய்தோரின் நினைவையுமாகும். எஞ்சின் அறை எங்கிருந்தது, எண்ணெய் வண்டி எங்கு நின்றது, எந்தக் கானில் மழைநாளில் நிறம் மிதந்தது என்பனவற்றை ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையும், எஞ்சினைக் கவனித்த தொழிலாளியும், பீலியில் நாள்தோறும் நீரெடுக்கும் பெண்களுமே அறிவர்.

2. தாங்கி கசியும் விதம்

பழைய தாங்கிகள் பெரும்பாலும் வெற்று உருக்குத் தகட்டால் ஆனவை. ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்த மண்ணில் உருக்குத் துருப்பிடிக்கும். மண் அமிலத்தன்மை வாய்ந்ததாயின் அரிப்பு விரைவுபடும். தேயிலை நன்கு வளரும் மண்ணின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது. தேயிலைக்கு உவப்பான இவ்வமிலமண் இரும்புக்கு உவப்பானதன்று.

அரிப்பு உள்ளிருந்தும் நிகழும். தாங்கியின் அடியில் எண்ணெய்க்குக் கீழே சிறிதளவு நீர் எப்பொழுதும் தங்கும். மேலும், எண்ணெய் மட்டத்தை அறிய இறக்கப்படும் அளவுகோல் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் மோதுவதால் அவ்விடத்துத் தகடு தேய்ந்து, நிரப்புகுழாய்க்கு நேர்கீழே துளை விழுதலுமுண்டு. தாங்கியிலும் பார்க்கக் குழாய் மூட்டுக்களிலிருந்தே கசிவு ஏற்படும் சந்தர்ப்பங்களும் பல. நிரப்பும்போது வழிந்து சிந்தும் எண்ணெயும் நாளடைவிற் பெருந்தொகையாகும்.

சிறு கசிவின் விளைவை எளிய கணக்கொன்றால் உணரலாம். வினாடிக்கு ஒரு துளி கசிவதாகக் கொள்வோம். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.3 லீற்றர் வெளியேறும்; ஓராண்டில் அது 1,500 லீற்றரைத் தாண்டும். எண்ணெயின் மேற்பரப்பு 6 சதுர மீற்றராக உள்ள தாங்கியில் 4.3 லீற்றர் குறைந்தால் மட்டம் ஒரு மில்லிமீற்றரும் இறங்காது. அளவுகோல் கொண்டு அளப்பவருக்கு இக்குறைவு புலப்படாது. ஏட்டில் இழப்புப் பதியப்படவில்லை என்பதைக் கொண்டு கசிவு நிகழவில்லை என்று முடிவுசெய்தல் தவறாகும்.

3. மலைச்சரிவில் எண்ணெயின் வழி

கசிந்த எண்ணெய் முதலில் நேர்கீழாக இறங்குகின்றது. செல்லும் வழியில் மண்ணின் நுண்துளைகளில் ஒரு பகுதி சிக்கிக்கொள்ளும். எஞ்சியது நிலத்தடிநீர் மட்டத்தை அடைந்ததும், நீரிலும் இலேசானதாகையால் அதன்மேல் படலமாகப் பரவும். நீர்மட்டம் மாரியில் உயர்ந்து கோடையில் தாழும்போது இப்படலமும் உடன் ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் பூசப்படும். படலத்திலிருந்து பென்சீன், தொலுயீன், எதயில்பென்சீன், சைலீன் ஆகியன நீரிற் கரைந்து நெடுந்தூரம் செல்லும். இந்நான்கினுட் பென்சீனே மிகுந்த தீங்குடையது. அது மனிதரிற் புற்றுநோயை, சிறப்பாகக் குருதிப் புற்றுநோயை, உண்டாக்கவல்லதென ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

சமநிலத்திற்கு இவ்விளக்கம் போதும். சப்ரகமுவ மலைச்சரிவின் அமைப்போ வேறானது. சாணகைற்று, நைசு போன்ற உருமாறிய பாறைகளின்மேல் வானிலையாலழிந்த பாறைப்படையும், அதன்மேற் செம்மஞ்சட் பொட்சொலிக் மண்ணும் படிந்துள்ளன. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரை விஞ்சும். இப்பெருமழை மண்ணுக்குள் இறங்கிக் கடும்பாறையை அடைந்ததும், மேலும் ஆழமாகச் செல்லவியலாது பாறையின் முகத்தை ஒட்டிச் சரிவின் கீழ்நோக்கி ஓடுகின்றது. பாறை வெளித்தோன்றும் இடத்திலோ சரிவு மடியும் இடத்திலோ அது ஊற்றாகச் சுரக்கின்றது. மூங்கிலோ குழாயோ வைத்து மக்கள் பீலியாகப் பயன்படுத்துவது இந்த ஊற்றையே.

ஆகவே சரிவிற் புதைந்த தாங்கியின் எண்ணெய் அதற்கு நேர்கீழே தங்காமல், மழைநீரோடு பாறைமுகத்தின் வழியே விலகிச் சென்றுவிடக்கூடும். குழியின் அடிமண் ஓரளவு தூய்மையாகக் காணப்படும் வேளையிலும் கீழேயுள்ள பீலி மாசுபட்டிருக்கலாம். நிலத்தைத் தோண்டும் இரத்தினக்கல் அகழ்வோர் நிலத்தடிநீரின் இத்தன்மையை அனுபவத்தால் அறிவர். பள்ளத்தாக்கில் இல்லம் எனப்படும் பரற்கற்படையை எட்டியதும் குழியில் நீர் பெருகி ஊறும். நீரை இறைத்துக்கொண்டே அவர்கள் வேலைசெய்வர். நீர் ஊறிவரும் படை எதுவோ, மாசு ஊறிவரும் படையும் அதுவேயாகும்.

மாசு பயணிக்கும் காலத்தையும் கருதவேண்டும். ஓர் உதாரணமாக, பீலியானது தாங்கியிலிருந்து 150 மீற்றர் கீழே உள்ளதெனவும், மண்ணில் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.86 மீற்றர் செல்கின்றதெனவும் கொள்வோம். நீர் பீலியை அடைய ஏறக்குறைய ஆறு மாதமாகும். மண்ணில் ஒட்டி ஒட்டிச் செல்லும் மாசு அதனிலும் பிந்தும். மறுபுறம், வேர்த்துளைகளும் பாறைப்பிளவுகளும் இருப்பின் அது சில நாட்களிலேயே வந்துசேரலாம். எனவே தாங்கியை அகற்றிய வாரத்தில் ஒரேயொரு தடவை எடுக்கப்படும் நீர்மாதிரி, பீலியின் பாதுகாப்புக்கு உறுதியளிக்காது.

மலையில் நிகழ்வது மலையோடு முடிவதுமில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையைச் சேர்கின்றன. இரத்தினபுரிப் பகுதி நீர் களு கங்கையிற் கலக்கின்றது. பலாங்கொடைப் பக்கத்து நீர் வளவை கங்கைக்குச் செல்கின்றது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பியகமவிலுள்ள தொழிற்சாலையொன்றின் டீசல் களனி கங்கையிற் கலந்தபோது, அம்பத்தளையிலிருந்து கொழும்புக்கு நீர் வழங்குவதே பாதிக்கப்பட்டது. மேலேயுள்ள பீலிக்கு அத்தகைய காவலோ கண்காணிப்போ இல்லை.

4. அகற்றுமுன் செய்யவேண்டியவை

முதலாவதாகக் காலத்தைத் தெரிதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையும், இடைப்பருவ மழைபெய்யும் ஒக்டோபர், நவம்பரிலும் சரிவிற் குழிதோண்டுதல் ஆபத்தானது. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆந் திகதி நிகழ்ந்த பெருமண்சரிவு இம்மலைகளின் நிலையாமைக்குச் சான்றாகும். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களே தக்கவை. சரிவின் உறுதியைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை முன்கூட்டியே பெறுதல் நன்று. மழைக்காலத்தில் வெறுந்தாங்கியானது குழியில் நிறையும் நீரால் மிதந்தெழுந்து குழாய்களை முறித்துவிடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவதாக, தாங்கியிலுள்ள எண்ணெயையும் அடியிற் படிந்த சேற்றையும் வெளியேற்றவேண்டும். இச்சேறு சாதாரணக் குப்பையன்று. ஆபத்தான கழிவுகளைக் கையாள உரிமம் வேண்டுமென, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. அதனைக் கானிலோ தேயிலைமலையிலோ கொட்டுதல் ஒரு மாசினை இரண்டாக்குவதாகும்.

மூன்றாவதாக, ஆவியை அகற்றவேண்டும். வெறுந்தாங்கி நிறைந்த தாங்கியிலும் ஆபத்தானது. வளியிற் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடைப்பட்டிருப்பின் ஒரு தீப்பொறியால் வெடிக்கும். உலர்பனிக்கட்டி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டை இட்டோ, நைதரசனைச் செலுத்தியோ தாங்கியினுள் உள்ள ஒட்சிசனைக் குறைப்பது வழக்கம். ஆவியின் அளவைக் கருவிகொண்டு அளந்தபின்னரே தாங்கியைத் தொடலாம். பெற்றோல் ஆவி வளியிலும் பாரமானதாகையாற் குழியின் அடியில் தேங்கும். அக்குழியினுட் பாதுகாப்பின்றி எவரையும் இறக்குதல் தகாது. எடுத்த தாங்கியை உருக்கொட்டும் சுடரால் வெட்டுதலும், கழுவிவிட்டு நீர்த்தாங்கியாகப் பயன்படுத்தலும் அறவே தவிர்க்கப்படவேண்டியவை. தகட்டின் துருவினுள் உறைந்த எண்ணெய் எத்துணை கழுவினும் முற்றாக நீங்காது.

5. திறந்த குழியும் மண்மாதிரியும்

தாங்கி வெளியே வந்ததும் முதலில் அதனையே ஆராய்தல் வேண்டும். துளை எப்பக்கத்தில் உள்ளது, துரு எங்கு மிகுந்துள்ளது என்பதைக் குறித்துப் படமெடுத்து வைத்தால் எங்கே மண்ணைத் தோண்டுவதென்பது தெளிவாகும். இச்சான்று பழைய இரும்பு வாங்குவோரின் லொறியில் ஏறிவிட்டால் மீளக் கிடையாது. குழி திறந்திருக்கும் இரண்டொரு நாட்களே ஆய்வாளனுக்குரிய வாய்ப்பு. அது நிரப்பப்பட்டபின் அதே தகவலைப் பெறப் பெருஞ்செலவில் துளையிட நேரும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1984இல் இயற்றப்பட்ட சட்டத்திருத்தமும் 1988இன் விதிகளும் தாங்கியை மூடும்போது தலத்தை ஆராய்வதைக் கட்டாயமாக்கின. அதன்பின் அந்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம். அங்கும் பிற நாடுகளிலும் வழங்கும் நடைமுறையின் சாரம் வருமாறு: தாங்கியின் இரு முனைகளுக்குக் கீழும், நிரப்புகுழாய்க்குக் கீழும், எண்ணெய் வழங்கும் பம்புக்குக் கீழும் மாதிரி எடுத்தல், குழாய் வழிநெடுக ஏறத்தாழ 6 மீற்றருக்கு ஒன்றாகவும் மூட்டுக்கள் தோறும் எடுத்தல், தாங்கியைச் சூழ நிரப்பிய மணலில் எடாது, அதற்குக் கீழேயுள்ள இயற்கை மண்ணில் 30 முதல் 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்தல், கறைபடிந்த பக்கச்சுவர்களிலும் எடுத்தல்.

சப்ரகமுவச் சரிவுகளுக்கு இவற்றோடு நான்கு சேர்க்கப்படவேண்டும். ஒன்று, குழியின் கீழ்ச்சரிவுப் பக்கச்சுவரில் மண்ணும் பாறையும் சந்திக்கும் இடத்து மாதிரி. இரண்டு, அப்பாறைமுகத்தைப் பின்பற்றிச் சரிவின் கீழே கையுளித் துளைக்கருவியால் இரண்டு மூன்று இடங்களில் எடுக்கும் மாதிரிகள். மூன்று, பீலியின் நீரும் அதன் அடிச்சேறும். நான்கு, மாசு எட்டியிராத மேற்சரிவிலிருந்து ஒப்பீட்டுக்காக எடுக்கும் மாதிரி. இறுதியிற் கூறியது சிறியதாகத் தோன்றினும் இன்றியமையாதது. சருகும் இலைக்குப்பையும் நிறைந்த தேயிலை மண்ணில் இயற்கையான சேதனப் பொருள்கள் மிகுதி. ஒப்பீடின்றேல் இயற்கையை மாசாகவும் மாசினை இயற்கையாகவும் மயங்க நேரிடும்.

களத்திற் செய்யத்தக்க எளிய சோதனைகளும் உள. கண்ணாடிப் போத்தலில் அரைப்பங்கு மண்ணை இட்டு, வாயை உலோகத்தாளால் மூடி, பத்து நிமிடம் கழித்து மேலுள்ள வளியை ஆவிமானியால் அளக்கலாம். இம்முறை பெற்றோலுக்குப் பெரிதும் பொருந்தும். பழைய டீசலும் உலை எண்ணெயும் சொற்ப ஆவியையே விடுதலால் அவற்றை இது காட்டாது விடலாம். மண்ணை நீரிலிட்டுக் குலுக்கி, நிறப்படலம் தோன்றுகின்றதா என நோக்குவது மற்றொன்று. மலைநாட்டு ஊற்றுக்களில் இரும்புப் பற்றீரியாக்களும் எண்ணெய் போன்ற மினுக்கத்தை உண்டாக்கும். ஒரு குச்சியால் அதனைக் கலைத்தால் பற்றீரியாப் படலம் ஓடுபோல் உடைந்து துண்டுதுண்டாக நிற்கும்; எண்ணெய்ப் படலமோ மீண்டும் ஒன்றுகூடும். மூக்கினால் மண்ணை மோந்து பார்த்தல் சிலரின் வழக்கம். தீங்கு பயக்கும் அவ்வழக்கத்தைக் கைவிடல் வேண்டும்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் மாதிரியைக் கையாள்வதிற் கவனம் மிக அவசியம். பென்சீன் விரைந்து ஆவியாவது. திறந்த பையில் இட்டு வெயிலில் லொறியின் பின்புறம் வைத்து அனுப்பிய மண்ணில் அது எஞ்சியிராது. காற்றிடமின்றி நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பிகளில், 4 பாகை செல்சியசுக்கு அணித்தாய்க் குளிரூட்டி, பதினான்கு நாட்களுக்குள் பகுப்பாய்வு செய்தல் வேண்டும். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரு மாதிரியாக்குதலும் ஆகாது; கலக்கும்போதே ஆவி பறந்துவிடுவதோடு, மாசுள்ள இடமும் இல்லாத இடமும் சராசரியில் மறைந்துவிடும்.

6. முடிவுகளை விளங்கிக்கொள்ளுதல்

எந்த எரிபொருள் இருந்தது என்பதைப் பொறுத்தே எதைச் சோதிப்பதென்பது தீர்மானிக்கப்படும். பெற்றோலாயின் பென்சீன் முதலிய நான்கும் முதன்மை பெறும். டீசலாயின் மொத்தப் பெற்றோலிய ஐதரோக்காபன்களும் நத்தலீனும், உலை எண்ணெயாயின் பல்வளைய ஐதரோக்காபன்களும் நோக்கப்படல் வேண்டும். இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் 2002இல் கைவிடப்பட்டது. அதற்கு முற்பட்ட தாங்கியின் மண்ணில் ஈயத்தையும் அளத்தல் வேண்டும். எண்ணெய் மக்கிப்போகும், ஈயம் மக்குவதில்லை.

குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் பெறுமானங்கள், லீற்றரொன்றுக்குப் பென்சீன் 10 மைக்கிரோகிராம், தொலுயீன் 700, எதயில்பென்சீன் 300, சைலீன்கள் 500 என்பனவாம். மண்ணைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு அளவுகள் வேறுபடும். உதாரணமாக, நெதர்லாந்தில் கனிய எண்ணெய் கிலோகிராமொன்றுக்கு 5,000 மில்லிகிராமை எட்டினால் அது கடும் மாசெனக் கருதப்பட்டு வந்துள்ளது. எந்த அளவுகோல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை அறிக்கையில் வெளிப்படையாகக் குறித்தல் ஆய்வாளனின் கடமையாகும்.

பென்சீனுக்குரிய அளவு எத்துணைச் சிறியது என்பதை மற்றொரு கணக்கால் விளக்கலாம். பெற்றோலில் பென்சீன் கனவளவில் ஒரு சதவீதம் எனக் கொள்வோம். ஒரு லீற்றர் பெற்றோலில் 10 மில்லிலீற்றர், அஃதாவது ஏறத்தாழ 8.8 கிராம் பென்சீன் இருக்கும். இது முழுவதும் நீரிற் கரையுமாயின் 8,80,000 லீற்றர் நீரை மேற்கூறிய எல்லைவரை கொண்டுவரப் போதுமானது. நடைமுறையிற் பெரும்பகுதி ஆவியாகியும் நுண்ணங்கிகளாற் சிதைந்தும் மறையும் என்பது உண்மையே. எனினும், சிறு கசிவைச் சிறிதென்று தள்ளுதல் எத்துணைத் தவறென்பதை இவ்வெண் உணர்த்தும்.

7. சுன்னாகம் தரும் பாடம்

எண்ணெய் நிலத்தடிநீரிற் கலந்தால் யாது நிகழும் என்பதைத் தமிழ்மக்கள் அண்மைக்காலத்திற் கண்கூடாகக் கண்டனர். சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் எண்ணெய்க் குழாயின் கசிவால் வீட்டுக் கிணறுகளில் எரிபொருள் மிதந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் கிளர்ச்சிக்கு ஏதுவாயிற்று. அங்கே காரணம் நிலக்கீழ்த் தாங்கியை அகற்றியமையன்று. ஆயினும் எண்ணெய் மண்ணினூடாகக் குடிநீரை அடைந்த விதமும், அதன்பின் எழுந்த குழப்பமும் எமக்குப் பயன்தருவன.

வெவ்வேறு அமைப்புக்கள் வெவ்வேறு சோதனைகளைச் செய்து வெவ்வேறு முடிவுகளைக் கூறின. எண்ணெயும் கொழுப்பும் என்ற பொதுச்சோதனை தாவரக் கொழுப்பையும் சேர்த்துக் காட்டும். பென்சீன் முதலியவற்றுக்கான சோதனை பாரமான எண்ணெயைக் காட்டாது. ஒன்றில் உள்ளதென்றும் மற்றதில் இல்லையென்றும் கேட்ட மக்கள் எவரை நம்புவதெனத் தெரியாது தவித்தனர். ஈற்றில் 2019 ஏப்பிரல் 4ஆந் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவைத் தாங்கவேண்டும் என்னும் கொள்கையை ஏற்று, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடாக 2 கோடி ரூபாவைச் செலுத்தும்படி தனியார் மின்னுற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது.

சுன்னாகத்தையும் சப்ரகமுவத் தோட்டத்தையும் ஒப்புநோக்கின் முக்கிய வேறுபாடொன்று தோன்றும். சுன்னாகத்தில் கிணறு வீட்டுக்காரனின் முற்றத்தில் இருந்தது. அவன் தன் வாளியில் எண்ணெயைக் கண்டான். அதை ஏந்திக்கொண்டு வீதிக்கு வந்தான். தோட்டத்திலோ நிலமும் ஊற்றும் லயனில் வாழ்வோரின் உடைமையல்ல. தாங்கி இருந்ததும் அது அகற்றப்பட்டதும் அவர்களுக்கு முறையாக அறிவிக்கப்படாவிடின், நீரின் சுவை மாறியதற்குக் காரணம் கூற அவர்களிடம் யாதுமிராது. ஆதலால் இங்கு ஆய்வாளனின் அறிக்கை கம்பனிக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் மாத்திரம் உரியதன்று. அதன் சாரம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு லயன் மக்களுக்கும் அறிவிக்கப்படல் வேண்டும்.

8. மாசு காணப்படின்

மாசு காணப்பட்டால் முதற்செயல் மாற்றுக் குடிநீர் வழங்குதலே. மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி அடுத்தது. பென்சீன் கலந்த நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி கூறுதல் பாதுகாப்பான அறிவுரையன்று. ஆவி மூடிய அடுப்படியினுள் நிறைந்து சுவாசத்தோடு உட்செல்லும்.

கறைபட்ட மண்ணைத் தோண்டியெடுத்தல் சிறு கசிவுகளுக்கு ஏற்றது. எடுத்த மண்ணை நீர்புகாத விரிப்பின்மேல் மெல்லிய படையாகப் பரப்பி, மழைபடாது மூடி, இடைக்கிடை கிளறி, சிறிது நைதரசன், பொசுபரசு உரமிட்டால் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனின் துணையோடு டீசலையும் பெற்றோலையும் படிப்படியாகச் சிதைக்கும். மண்சரிவுக்கு ஆளாகும் இடங்களில் ஆழத் தோண்டுதல் நோயிலும் கொடிய மருந்தாகிவிடலாம். அங்கே எட்டக்கூடிய மண்ணை அகற்றி, எஞ்சியதை அவதானித்து வருதலே விவேகமாகும். சோதித்துத் தூய்மை உறுதியாகுமுன் அம்மண்ணைப் பாதை நிரப்பவும், தேயிலை நாற்றுமேடைக்கும், லயன்வாசிகளின் காய்கறித் தோட்டத்துக்கும் கொடுத்தல் ஆகாது.

அவதானிப்பு ஒருநாட் செயலன்று. பீலிநீர் கோடையிலொருமுறை, முதல் மழையையடுத்து ஒருமுறை, பருவமழை முற்றியபோது ஒருமுறை என ஆண்டுக்கு மூன்று தடவை சோதிக்கப்படல் வேண்டும். முதல் மழை மண்ணிற் சிக்கிய மாசினைக் கழுவி வரும். பெருமழை அதனை நீர்த்துப்போகச் செய்யும். பெருமழைக் காலத்தில் மட்டும் எடுத்த மாதிரி பிரச்சினையை மறைத்துவிடும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தூய்மை காணப்பட்டபின்னரே கோப்பினை மூடலாம் எனக் கொள்ளுதல் பொருத்தமானது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தாங்கியை அகற்றுதல் ஓர் ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பது பெறப்படும். சமநிலத்துக்கென வகுத்த விதியை மலைச்சரிவில் அவ்வாறே கையாண்டு, குழியின் அடியில் நான்கு பிடி மண்ணெடுத்துத் தூய்மையெனச் சான்றளித்தல் அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. பாறைமுகத்தைப் பின்பற்றுக, பீலியைச் சோதிக்க, மூன்று பருவங்களிலும் மீண்டும் சோதிக்க, கண்டதை மக்களுக்குச் சொல்லுக என்னும் நான்கும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல.

இரசாயனம், புவியியல், குடிசார் பொறியியல் பயிலும் எம் மாணவருட் பலர் இத்தோட்டங்களிலிருந்தே பல்கலைக்கழகம் வந்தவர்கள். விடுமுறைக்கு வீடு செல்லும்போது பழைய தொழிற்சாலை வரைபடமொன்றை வரைந்து, மூத்தோரை வினவி, எண்ணெய் புதைந்த இடத்தையும் பீலி சுரக்கும் இடத்தையும் அதிற் குறித்துவைத்தால் அதுவே நல்லதோர் ஆய்வின் முதற்பக்கமாக அமையும். நிலத்தினுள் மறைந்ததை மூத்தோர் மறக்குமுன் அதைச் செய்தல் நலம்.